ஒரு நாழித் தவிடு

ஆவணி 3, ஞாயிறு

இந்த டைரியில் பால் கணக்கும் மழை பெய்த நாளும் தவிர வேறு எதுவும் நான் எழுதுவதில்லை. இன்று எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருக்கிறது.

காலையில் சாஸ்தா கோயிலில் கூட்டம். ஐப்பசியில் கும்பாபிஷேகம். வாசலில் பதிக்கப் போகிற கல்வெட்டில் யார் யார் பெயர் வரும் என்று என் சித்தப்பா மகன் தெய்வநாயகம் எழுந்து வாசித்தான். அவன்தான் இப்போது கோயில் நிர்வாகி. முதலில் எங்கள் தாத்தா ஆறுமுகம். கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டியவர். அவர் தெருவில் வந்தால் இந்த அரசடிப்பற்று ஊரில் உட்கார்ந்திருந்தவர் கிடையாது. அவருக்குக் கீழே அவருடைய பிள்ளைகள். பெரிய சித்தப்பா பெயர் வந்தது. சின்னச் சித்தப்பா பெயர் வந்தது. மூத்த மகன் பிச்சைக்கண்ணு, என்னைப் பெற்ற அப்பா, அவர் பெயர் வரவில்லை.

விட்டுப்போயிற்று என்று நினைத்துச் சொன்னேன். தெய்வநாயகம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தான்.

"பெரியப்பாவத் தவிட்டுக்குல்லா வாங்குனது அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எந்த வீட்டில்தான் பிள்ளைகளை அப்படிச் சொல்லிச் சீண்டுவதில்லை. ஆனால் அவன் சிரிப்பை நிறுத்தின பிறகும் பேசினான். வெள்ளைக்காரன் காலத்தில் வழக்கு நடந்ததாம். நெல் குத்துகிற மாடத்தி பிள்ளை என்று கோர்ட்டிலேயே எழுதிவிட்டார்களாம். வம்சத்தில் பிறக்காதவர் பெயரைச் சாஸ்தா வாசலில் வெட்டினால் நாளைக்கு நாலு பேர் கேள்வி கேட்பார்களாம்.

பின்னால் இருந்து ஒருவர், வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட பெண் பிள்ளைக்கு இதில் என்ன பேச்சு என்றார். எங்கள் அப்பாவுக்கு நான் ஒருத்திதான். ஆண் வாரிசு கிடையாது. நான் கேட்காவிட்டால் அவருக்காகக் கேட்க இந்த உலகத்தில் ஆள் இல்லை. அதைச் சொன்னேன்.

புரட்டாசி முதல் ஞாயிற்றுக்குள் அத்தாட்சி கொண்டுவந்தால் சேர்ப்பார்களாம். அதற்குப் பிறகு சிற்பி உளியை எடுத்துவிடுவாராம்.

சேர்ப்பார்களாம். எங்கள் அப்பாவை.

ஆவணி 4, திங்கள்

கோபம் குறையவில்லை. மாடு கூட இன்று என்னிடம் அடங்கி நின்றது.

தெய்வநாயகத்துக்குத் தெரியாததா? எங்கள் பக்கத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஆச்சி முத்துவடிவுக்கு முதலில் பிறந்த இரண்டும் ஒரு மாதம் நிறையும் முன்பே போய்விட்டன. மூன்றாவது எங்கள் அப்பா. அதுவாவது தங்க வேண்டும் என்று, பிள்ளைகள் நிறையப் பெற்று எல்லாம் உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு விற்றார்கள். எங்கள் வீட்டில் நெல் குத்திய மாடத்திதான் அப்படிப்பட்டவள். அவள் ஒரு நாழித் தவிடு கொண்டுவந்து புழக்கடை வழியாகப் பிள்ளையை வாங்கினாள். எமன் முத்துவடிவின் பிள்ளையைத் தேடி வந்தால் அந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை கிடையாது, திரும்பிப் போய்விடுவான். அவ்வளவுதான் விஷயம். பிள்ளை வளர்வதும் பால் குடிப்பதும் பெற்றவளிடம்தான். ஆனால் விற்றவள் தன் வாயால் ‘என் பிள்ளை’ என்று சொல்லக் கூடாது. ஒரு தடவை சொன்னாலும் எமன் காதில் விழுந்துவிடும். கேட்டால் வாங்கினவள்தான் ‘என் பிள்ளை’ என்று சொல்ல வேண்டும். பிள்ளை நடந்து ஓடித் தேறின பிறகு அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள்.

அந்த மீட்பில்தான் மாடத்தி வில்லங்கம் செய்தாள். எனக்கே நினைவிருக்கிறது. தை மாதம் தோறும் ஆச்சி சுளகில் தவிடு எடுத்துக்கொண்டு மாடத்தி குடிசைக்குப் போவாள். சின்னப் பிள்ளையான நானும் பின்னால் போவேன். மாடத்தி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "இந்த வருசம் வேண்டாம், அடுத்த வருசம் பாப்போம்" என்பாள். வருஷா வருஷம் அதே பேச்சு. தீபாவளிக்கு எங்கள் அப்பா முதல் சேலையை அவளுக்குத்தான் கொண்டுபோவார். அந்தச் சேலை நின்றுவிடும் என்றுதான் அவள் மீட்க விடவில்லை என்பது என் கணிப்பு. கடைசிவரை மீட்காமலே செத்தும் போனாள். ஆச்சிக்கு அதில் கோபமே வந்ததில்லை. தவிட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டுக்கு வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். எனக்குத்தான் அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

மாட்டுக்குத் தவிடு தீர்ந்துவிட்டதால் வேலம்மா மில்லுக்குப் போனேன். வேலம்மா அந்த மாடத்தியின் பேத்தி. மில் வைத்து நன்றாகத்தான் இருக்கிறாள். அளந்த பிறகு கையால் ஒரு அள்ளு கூடப் போடுவாள். வேண்டாம் என்று நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். இன்றும் சொன்னேன். முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். தவிட்டை மட்டும் பார்த்து அள என்றேன்.

வியாழக்கிழமை டவுனுக்குப் போகிறேன். பேப்பர் இருக்கிறது என்றானே, பார்த்துவிடுகிறேன்.

ஆவணி 7, வியாழன்

மருமகள் ரமணிக்கு நான் தனியாகப் போவதில் சம்மதமில்லை. "விழுந்து கிழுந்து வச்சியன்னா யாரு பாக்குறது அத்தை?" என்று வாசல் வரை வந்தாள். விழுவதற்கு நான் என்ன மாங்காயா? பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மாவட்ட ஆவணக் காப்பகம் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே ஒரு போர்டு உண்டு. அதை மறைத்துக்கொண்டு நாலு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. உள்ளே போனால் ஒரு இளம் அதிகாரி, எந்த யுனிவர்சிட்டி என்று கேட்டார். நான் அரசடிப்பற்று என்றேன். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத்தான் அனுமதி, காலேஜ் கடிதம் இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார்.

"எங்க அப்பாவத் தேடுததுக்கு நான் எந்தப் பட்டம் வாங்கிட்டு வரணும்யா?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் நகரவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கடைசியில் அப்பா இறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, வாரிசு என்று போட்டு மனு எழுதச் சொன்னார். பெயர் ஆவுடையம்மாள் என்று எழுதினேன். கல்வித் தகுதி என்று ஒரு கட்டம். ஐந்தாம் வகுப்பு, முதல் மார்க் என்று எழுதினேன். மார்க் எல்லாம் தேவையில்லை என்றார். எனக்குத் தேவை என்றேன்.

பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். பென்சில்தான் கொண்டுபோகலாமாம், மை சிந்திவிடுமாம். நான் எழுதத் தொடங்கின காலத்தில் இருந்து ஒரு சொட்டு சிந்தினவள் இல்லை. வாசிப்பறையைப் பார்த்துக்கொள்வது எஸ்தர் என்கிற அம்மாள். ஐம்பது வயது இருக்கும். சிரிக்கவும் மாட்டாள், சீறவும் மாட்டாள். அப்பா ஜாதகத்தைக் காட்டினேன், வருஷத்தைக் குறித்துக்கொண்டாள். நான் தேடுகிற கட்டு அடுத்த வாரம்தான் மேலே இருந்து இறங்கும் என்றாள். மேலே என்றால் வானமா? மாடிதானே.

சாப்பாட்டு நேரம் என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். புங்க மரத்தடியில் இட்லியைத் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆவணி 8, வெள்ளி

முழங்கால் வலி. யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணி 12, செவ்வாய்

கட்டு இறங்கிவிட்டது. சிவப்புத் துணியில் கட்டி, மேலே ஏதோ இங்கிலீஷ் எழுத்து. அவிழ்த்ததும் தும்மல் வந்தது. தாளைத் திருப்பும்போது நகம் படக் கூடாது என்று எஸ்தர் சொன்னாள். நான் அப்பளம் காயப்போடுகிறவள், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கு உண்மைதான். அப்போது இருந்த கணக்கப்பிள்ளைக்கும் எங்கள் தாத்தாவுக்கும் வாய்க்கால் தகராறு. வழக்கம் என்னவென்று நன்றாகத் தெரிந்துகொண்டே, பச்சைப் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள் என்று அந்த ஆள் மனு எழுதிப் போட்டிருக்கிறான். சீமையில் இருந்து புதிதாக வந்த சப் கலெக்டர் துரை அதை அப்படியே நம்பிவிட்டார். பிள்ளையை விலைக்கு விற்கிற ஊரா இது என்று கொதித்து, எல்லோரையும் வரச் சொல்லிவிட்டார். அவருக்கு எங்கள் ஊர் எமனைப் பற்றி என்ன தெரியும்?

சாட்சிகள் சொன்னதைத் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய கூட்டெழுத்து. எங்கள் அப்பா கையெழுத்தும் அப்படித்தான் இருக்கும் என்பதால் எனக்குத் தடங்கல் இல்லை. ஆச்சி சொன்னதைப் பென்சிலால் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்.

‘கேள்வி: இந்த ஆண் குழந்தையைப் பெற்றவள் நீதானா? பதில்: இல்லை. கேள்வி: பிறகு யாருடைய குழந்தை? பதில்: என் குழந்தை இல்லை. கேள்வி: சத்தியமாகச் சொல்கிறாயா? பதில்: சத்தியமாக என் குழந்தை இல்லை.’

கீழே ஆச்சியின் பெருவிரல் ரேகை.

அதற்கு மேல் வாசிக்கவில்லை. கட்டி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆவணி 13, புதன்

வெந்தயம் வறுத்தேன். தீய்ந்துவிட்டது.

ஆவணி 16, சனி

ஆச்சி ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கா தெரியாது? துரைக்குப் பயப்படவில்லை. எமனுக்குப் பயந்தாள். ‘என் பிள்ளை’ என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் வழக்கு அன்றோடு முடிந்திருக்கும். இரண்டு பிள்ளையைக் குழிக்குக் கொடுத்தவள் மூன்றாவதை வைத்துப் பரீட்சை பார்ப்பாளா? இல்லை என்று மூன்று தடவை சொல்லி, சத்தியமும் பண்ணி, ரேகையும் வைத்துவிட்டாள்.

எனக்குப் புரிகிறது. தாளுக்குப் புரியாதே. இதை நான் கூட்டத்தில் காட்டினால் தெய்வநாயகம் பொங்கல் வைத்துக் கொண்டாடுவான்.

அவனே சாயந்தரம் வந்தான், ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு. ரமணியிடம் காபி கேட்டுவாங்கிக் குடித்தான். முழங்காலுக்கு என்ன தைலம் போடுகிறேன் என்று விசாரித்தான். எழுந்துகொள்ளும்போதுதான் விஷயத்துக்கு வந்தான்.

"விட்டுருங்கக்கா. கிளறுனா யாருக்குக் கௌரவம்? தாத்தா பேருல்லா கெடும்."

தாத்தா பெயர் ஏன் கெட வேண்டும் என்று கேட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். பழம் காயாக இருந்தது. அரிசிப் பானைக்குள் போட்டிருக்கிறேன்.

ஆவணி 19, செவ்வாய்

திரும்பவும் டவுனுக்குப் போனேன். அத்தாட்சி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போகவில்லை. ஆச்சியைக் கூண்டில் நிறுத்திச் சத்தியம் கேட்ட அந்தத் துரையின் பெயர் என்னவென்று தெரிந்துகொள்ளப் போனேன். திட்டுவதென்றால் பெயர் சொல்லித் திட்ட வேண்டும்.

துரையின் கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தது. எஸ்தருக்கே வாசிக்க வரவில்லை. ஆனால் ஆச்சிக்கு அடுத்து இருந்த தாள்கள் தமிழில் இருந்தன. வாசித்தேன்.

மாடத்தி: ‘இது என் பிள்ளை. ஒரு நாழித் தவிடு கொடுத்து வாங்கினேன். யாரிடம் வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன்.’ சொல்லாவிட்டால் ஜெயில் என்று துரை சொன்னதாகவும், ‘சரி’ என்று அவள் சொன்னதாகவும் எழுதியிருக்கிறது. ஒரே சொல். பெற்றவள் பெயரை அவள் வாயால் சொன்னாலும் எமன் கேட்டுவிடுவான் அல்லவா.

அதற்கு அடுத்து எங்கள் தாத்தா. அவர் வாயைக் கட்டி வைக்க எந்த வழக்கமும் கிடையாது. பெற்றவளுக்குத்தான் கட்டு, வாங்கினவளுக்குத்தான் கட்டு. தகப்பன் சொல்லலாம். இது எங்கள் ஊர் வழக்கம் துரையே, இது என் வீட்டுப் பிள்ளை, விளையாட்டுக்கு விற்றது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

‘ஆறுமுகம் சொன்னது: அந்தக் குழந்தையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மாடத்தி என் வீட்டில் நெல் குத்துகிறவள். வேறு எதுவும் தெரியாது.’

துரை இரண்டாவது தடவையும் கேட்டிருக்கிறார். தெரியாது. விற்றவர் என்று தன்னையும் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயம். கீழே அந்தப் பெரிய கையெழுத்து. எங்கள் வீட்டுப் பத்திரத்தில் எல்லாம் பார்த்துப் பார்த்து நான் பெருமைப்பட்ட அதே கையெழுத்து, வால் நீட்டி, புள்ளி வைத்து.

மாடத்திக்கு ஒரு மாதம் ஜெயில். பிள்ளை அவளுடையது என்று தீர்ப்பு ஆகிவிட்டதால் கைப்பிள்ளையும் அவளோடு உள்ளே.

பென்சில் முனை உடைந்துவிட்டது. எஸ்தர் வேறொன்று கொடுத்தாள். பிறகு தானாகவே, "கடைசியில இன்னும் ஒரு தாள் ஒட்டிக்கிட்டு இருக்கும்மா, அதையும் பாத்துருங்க" என்றாள். சப்ஜெயில் வார்டர் தாசில்தாருக்கு எழுதின புகார் அது. முழுவதையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

‘கைதி மாடத்தியிடம் இருக்கும் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க, அரசடிப்பற்று முத்துவடிவு என்பவள் காலையும் மாலையும் ஐந்து மைல் நடந்து வருகிறாள். கைதிக்குப் பால் இல்லை. உள்ளே விடாவிட்டால் வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் இவளுக்குப் பால் இறங்கிச் சேலை நனைந்துவிடுகிறது. பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பேசுகிறார்கள். குழந்தைக்கு நீ என்ன உறவு என்று கேட்டால், ஒரு உறவும் இல்லை என்கிறாள். கைதியைக் கேட்டால், என் பிள்ளைக்குப் பால் கொடுக்க வருகிறவள் என்கிறாள். இவளை உள்ளே விடலாமா கூடாதா என்று உத்தரவு வேண்டும்.’

ஓரத்தில் வேறு மையில் ‘விடலாம்’ என்று இருக்கிறது. அதை எழுதின தாசில்தார் யாரோ, நம் பக்கத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

ரப்பர் முத்திரை வைத்த நகல் வேண்டும் என்றேன். அதற்கான பதிவைப் புரட்டும்போது எஸ்தர் ஒன்று சொன்னாள். இந்தக் கட்டை எனக்கு முன்னால் ஒருவர் வாங்கிப் பார்த்திருக்கிறார். ஏழெட்டு வருஷம் இருக்கும், ஏதோ நில வழக்குக்காக வந்தவர். சீட்டைக் காட்டினாள். தெய்வநாயகம் கையெழுத்து.

எல்லாவற்றையும் வாசித்திருக்கிறான். ஆச்சியின் சேலை நனைந்ததையும் வாசித்துவிட்டு வந்துதான், கூட்டத்தில் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்திருக்கிறான்.

ஆவணி 20, புதன்

கிருஷ்ண ஜெயந்தி. சீடை வெடிக்காமல் வந்தது. ரமணி கோலம் போட்டாள், பாதம் வைத்தாள்.

நல்ல நாள் என்றால் சாமி படங்களைத் துடைக்கும்போது தாத்தா படத்தையும் துடைத்துப் பூ வைப்பது என் வழக்கம். இன்று பூ பற்றவில்லை.

ஆவணி 28, வியாழன்

நகல் கிடைத்துவிட்டது. முத்திரை கோணலாக விழுந்திருக்கிறது. வேறு ஒன்று வைக்கச் சொன்னேன். இதுவே செல்லும் என்றார்கள். நேராக வைத்தாலும் செல்லும்தானே என்றேன். வைத்தார்கள்.

எஸ்தர் வாசல் வரை வந்தாள். அவளை அவள் அம்மா சின்ன வயதில் தவிட்டுக்கு வாங்கினது என்று சொல்லிக் கோபமூட்டுவாளாம். அது வெறும் கேலிப் பேச்சு என்றுதான் இத்தனை நாள் நினைத்தாளாம். அப்போதுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். அடுத்த தடவை முறுக்கு கொண்டுவருகிறேன் என்றேன். வாசிப்பறையில் தின்னக் கூடாது என்றாள்.

புரட்டாசி 7, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போகும்போது பட்டுச் சேலை கட்டிக்கொண்டேன். ரமணி, கல்யாணமா என்று கேட்டாள். பைக்குள் நகல் எல்லாம் இருந்தது. கோயில் மண்டபத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். சிற்பியும் வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

தெய்வநாயகம் என்னைப் பார்த்ததும், அக்கா அத்தாட்சி கொண்டுவந்திருக்காவ போலிருக்கு என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். நான் முதலில் ஆச்சி சொன்னதை வாசித்தேன். சத்தியமாக என் குழந்தை இல்லை என்ற இடம் வந்தபோது அவன் அப்படியே பின்னால் சாய்ந்துகொண்டான். பக்கத்தில் இருந்தவர், பிறகு என்னம்மா, அவுகளே சொல்லிட்டாவளே என்றார்.

பிறகு மாடத்தி சொன்னதை வாசித்தேன். பிறகு வார்டரின் புகாரை வாசித்தேன். மெதுவாகத்தான் வாசித்தேன். ஐந்தாம் வகுப்பில் எங்கள் சார் சொல்லிக் கொடுத்தபடி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. சேலை நனைந்துவிடுகிறது என்ற இடத்தில் பெண்கள் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு உறவும் இல்லை என்கிறாள் என்பதை வாசித்து முடித்த பிறகு நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். முந்தின கூட்டத்தில் பெண் பிள்ளைக்கு என்ன பேச்சு என்று கேட்டவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

தெய்வநாயகம் கெட்டிக்காரன். சுதாரித்துக்கொண்டான். சரி, பெரியப்பா நம்ம ரத்தம்தான் என்று தெளிவாகிவிட்டது, சந்தோஷம், ஆறுமுகம் மகன் பிச்சைக்கண்ணு என்று முதலிலேயே வெட்டிவிடுவோம் என்றான். கைகூடத் தட்டினார்கள்.

இதற்குத்தானே வந்தேன். பஸ் ஏறி, முழங்கால் தேய்ந்து, பென்சிலால் எழுதி, எல்லாம் இந்த ஒரு வரிக்குத்தான். ஆனால் காதில் விழுந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஆறுமுகம் மகன்னு போடாத" என்றேன். "முத்துவடிவு, மாடத்தி இவர்கள் மகன் பிச்சைக்கண்ணுன்னு போடு."

மண்டபம் இரைந்தது. பெண்கள் பெயர் கல்லில் வருவது வழக்கமில்லை. ஆச்சி பெயரையாவது பார்க்கலாம், மாடத்தி நம் ஆள் இல்லை, சாஸ்தா வாசலில் நெல் குத்தினவள் பெயரா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தெய்வநாயகம், "அக்கா, கேட்டது கிடைச்சாச்சு. பேசாம வீட்டுக்குப் போங்க" என்றான்.

பையில் இருந்து இன்னொரு தாளை எடுத்தேன். பிரிக்கவில்லை. மடித்தபடியே மடியில் வைத்துக்கொண்டேன்.

"இது தாத்தா சொன்னது. நீ வாசிச்சதுதான். இவுகளும் கேக்கட்டுமா?"

அவன் தாளைப் பார்த்தான். பிறகு மண்டபத்துத் தூணைப் பார்த்தான். தூணில் ஆறுமுகம் உபயம் என்று இருக்கிறது. என்ன தாள் அது, என்ன தாள் என்று பின்னால் இருந்து கேட்டார்கள். வாசித்தால் அவன் தாத்தா பெயர் மட்டுமா போகும், என் தாத்தா பெயரும்தானே. அது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் பிரித்திருப்பேன்.

தெய்வநாயகம் சிற்பி பக்கம் திரும்பினான்.

"அக்கா சொல்லுத மாதிரியே எழுதிக்கிடுங்க."

ஏன் என்று நாலு பேர் சண்டைக்குப் போனார்கள். நிர்வாகி நான், நான் சொல்கிறேன் என்று அவனே அவர்களை அடக்கினான். மாடத்தி பெயரை எப்படி எழுத வேண்டும் என்று சிற்பி என்னிடம்தான் கேட்டார். மற்றப் பெயர்கள் இருக்கிற அதே உயரத்தில் என்றேன்.

புரட்டாசி 10, புதன்

வேலம்மா மில்லுக்குப் போனேன். ஊர் முழுக்க விஷயம் பரவியிருந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அளந்துவிட்டு ஒரு அள்ளு கூடப் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

ஐப்பசி 9, வியாழன்

கும்பாபிஷேகம் முடிந்தது. காலையில் தூறல், பிறகு வெயில். கருடன் வந்ததாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்கள் எல்லாம் ஒரே உயரம்தான். விரலால் தடவிப் பார்த்தேன், மா என்ற எழுத்தில் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது. துடைத்தேன்.

வேலம்மாவை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். ரமணிக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லாம் முடிந்து பந்திக்கு ஆள் கூப்பிடுகிற நேரத்தில் தெய்வநாயகம் ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தான். தாம்பாளத்தில் குவித்து வைத்த தவிடு, மேலே வெற்றிலை பாக்கு, பூ. பெரியப்பாவை மீட்கவே இல்லை அல்லவா, அது குறை, இன்றைக்கு நல்ல நாள், வாங்கினவள் வாரிசும் இருக்கிறாள், தவிட்டைத் திருப்பிக் கொடுத்து முறையாக மீட்டுவிடுவோம் என்றான். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஐயர் கூடத் தலையாட்டினார். மீட்டுவிட்டால் மாடத்திக்கு அப்பாவிடம் பாத்தியதை தீர்ந்தது. தீர்ந்த பிறகு அந்தக் கல்லை மாற்ற எவ்வளவு நேரமாகும்? எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் தாம்பாளத்தை அவள் முன்னால் நீட்டிவிட்டான். வேலம்மா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளுடைய பாட்டி நிற்கிற மாதிரியே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள்.

"இந்த வருசம் வேண்டாம் அண்ணாச்சி. அடுத்த வருசம் பாப்போம்."

ஆச்சி ஏன் ஒரு தடவை கூடக் கோபப்படாமல் திரும்பி நடந்தாள் என்று எழுபத்தெட்டு வயதில் எனக்குத் தெரிகிறது. மீட்காதவரை எமன் எங்கள் அப்பாவைத் தேடி வர மாட்டான். சேலைக்காம், சேலைக்கு.

தெய்வநாயகம் தாம்பாளத்தோடு அப்படியே நின்றான். கீழே வைக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொண்டுபோகவும் முடியவில்லை. நான் போய் அவன் கையில் இருந்து வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுக்கு வைத்தேன். பூவையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

தாம்பாளம் இங்கேதான் இருக்கிறது. நல்ல கனமான பித்தளை. அவனே வந்து கேட்கட்டும்.